காஞ்சியில் ஓர் ஆய்வு வட்டம்: தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரத்தில் ஆய்வுக்கு ஆள் பஞ்சம் இல்லை. கல்லூரி ஆசிரியர், கல்வெட்டு படிக்கப் பழகிய ஓய்வூதியர், தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்தவர் என்று தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். ஆனால் தொடக்க விழாப் பொன்னாடையோடு முடிந்துபோகிற வட்டங்கள்தான் அதிகம்.

முதல் படி: எல்லை

‘காஞ்சி வரலாறு’ என்று பெயர் வைத்தால் யாரும் எதையும் முடிக்க மாட்டார்கள். தறிச் சொற்கள், ஏரிகளும் மதகுகளும், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கல்வெட்டுகள் என ஏதாவது ஒன்றை எடுங்கள். ஏழெட்டுப் பேர் போதும்.

இரண்டாம் படி: நாள் குறித்தல்

ஓராண்டுக்கான தேதிகளை முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவையன்று கூட்டம் வைத்தால் பேச்சாளரே வந்து சேர மாட்டார். முகூர்த்த நாளும் வேண்டாம்.

நெசவாளர் வருவதானால் அவரைக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். கோர்வைச் சேலைத் தறியில் கரை நாடாவை ஓட்ட இன்னோர் ஆள் உட்கார வேண்டும். ஒருவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு பேர் கூலி போகும். பேராசிரியருக்குப் பயணப்படி தருகிற வட்டம் இவர்களுக்கு அன்றைய கூலியைத் தரட்டும். அதையும் ஆய்வுச் செலவில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: கூட்டம்

மூன்று மணி நேரம், இரண்டு கட்டுரை. வரவேற்புரை, வாழ்த்துரை, முன்னிலை எல்லாவற்றையும் வெட்டுங்கள்.

அவ்வப்போது களத்தில் கூடுங்கள். கைலாசநாதர் கோயில் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் பட்டப்பெயர்களை வரிசையாக, வெவ்வேறு எழுத்து வடிவங்களில் வெட்டியிருக்கிறார்கள். இருவருக்கு ஒரு சிற்றாலயம் என்று பிரித்துக்கொடுத்து, படித்ததைச் சுவர் முன்னாலேயே ஒப்பிடச் சொல்லுங்கள். யாருக்கு எழுத்து தெரியும், யாருக்குப் பேச்சு மட்டும் தெரியும் என்பது அரை மணியில் விளங்கிவிடும். மைப்படி எடுப்பதானால் இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதியை முன்பே வாங்குங்கள்.

நான்காம் படி: புதியவர்களைச் சேர்த்தல்

சிக்கல் இங்கேதான். பட்டத்தைக் கேட்காதீர்கள், செய்த வேலை ஒன்றைக் கேளுங்கள். தானே படித்த ஒரு கல்வெட்டு, உறுப்புப் பெயர்களோடு வரைந்த ஒரு தறி, எதுவானாலும் சரி. முடிவெடுக்கும்போது முன்மொழிந்தவர் வெளியே இருக்கட்டும். ஆசிரியர் கொண்டுவந்த மாணவரை ஆசிரியர் முன்னால் மறுக்க நம் ஊரில் யாருக்கும் வாய் வராது.

ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் குடவோலை போடலாம். காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன. ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்தும் பெயரெழுதிய ஓலைகள் கட்டுக்கட்டாகக் குடத்துக்குள் போகும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைக் கலைத்து வேறு குடத்திலிட்டு ஓர் ஓலையை எடுப்பான். நடுவனான மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசித்த பிறகே பெயர் பதிவாகும். இவ்வளவும் கையில் இன்னோர் ஓலை மறைந்திருக்கக் கூடாதே என்பதற்காக!

அப்படியே நகலெடுக்க வேண்டாம். அது பிராமணருக்குத் தானமாகத் தந்த பிரம்மதேய ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் தகுதியாக இருந்தன. எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: பதவி 360 நாள், முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்தவர் பெயர் குடத்துக்குப் போகாது, இருந்தபோது கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவர் உறவினருக்கும் இல்லை. (உறவினர் தடையை நீங்கள் ‘அவருடைய மாணவர்’ என்று மாற்றினால் பாதி வட்டம் காலியாகலாம்.) 919இல் எழுதிய விதியை 921இலேயே திருத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் விதிக்கும் ஈராண்டுக்கொரு மறுபார்வை வையுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டம் தவறினால்

பெரிய அமைப்புகளுக்கும் கூட்டம் தவறும். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் முயற்சியால் 1964இல் டெல்லியில் பிறந்த உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என்று கூடியது. எட்டாவது மாநாடு 1995இல் தஞ்சாவூரில். ஒன்பதாவதுக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவே 2010 கோவை மாநாட்டைத் தன் மாநாடாக நடத்த மன்றத் தலைவர் நொபொரு கராஷிமா இசையவில்லை. அவகாசம் போதாது என்றார். அது செம்மொழி மாநாடாக நடந்தது. அவகாசத்தை விட்டுக்கொடுக்காதது சரி, இடைவெளி விழுந்தது சரியல்ல என்பேன்.

ஆகவே விதிப் புத்தகத்தில் இதையும் எழுதுங்கள்: தொடர்ந்து இரண்டு கூட்டம் நடக்காவிட்டால், ஒருங்கிணைப்பாளரைக் கேட்காமலே எந்த மூன்று உறுப்பினரும் கூட்டம் கூட்டலாம். பதிவேடும் உறுப்பினர் பட்டியலும் ஒரே வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. நகல் இன்னொருவரிடம் இருக்கட்டும்.