கச்சானுக்கு முன்னால் கடலில் இறங்குங்கள்

மே மாதக் கடைசியில் அந்தமானுக்கு டிக்கெட் போடாதீர்கள். யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் போடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஒரு திராட்சை அறுப்பில் கையில் நின்ற காசில் பாதி எங்களுக்கு இதில்தான் கரைந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கு இது புரியாத கணக்கு இல்லை. பெரியாற்றுத் தண்ணீரை ஜூனில் முதல் போகத்துக்குத் திறப்பார்களா என்று ஏங்கிக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் இறங்கும். அதற்குப் பத்து நாள் முன்னாலேயே, மே 20-ஐ ஒட்டி, அந்தமான் கடலைத் தொட்டுவிடும். 'அந்தமானில் பருவமழை தொடங்கியது' என்று செய்தியில் சொன்னால் என் மாமனார் விதை நெல்லை எடுத்துப் பார்ப்பார். அதே மழைக்குள் காசு கொடுத்துப் போய் உட்காரலாமா என்று நான் அப்போதே கேட்டேன். வீட்டில் யார் காதிலும் விழவில்லை. நாத்தனார் பிள்ளைகளுக்கு அந்த வாரம்தான் தோது. டிராவல்ஸ்காரரோ, "அங்கெல்லாம் சும்மா தூறல்தாங்க மேடம், கண்ணாடி மாதிரி தண்ணி இருக்கும், மீன் உங்க கையில வந்து ஒட்டும்" என்றார். கொஞ்சம் தள்ளுபடியும் கொடுத்தார். தள்ளுபடி ஏன் கிடைக்கிறது என்று என்னைத் தவிர ஒருவரும் யோசிக்கவில்லை.

போர்ட் பிளேயரில் (2024-லிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஹோட்டல் ஜன்னலில் மழையைப் பார்த்தோம். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலைக் காற்று காரணமாக நிறுத்தினார்கள், விட்டார்கள், மறுபடி நிறுத்தினார்கள். ஒருவழியாகக் கடலில் இறங்க வாய்ப்புக் கிடைத்தபோது, அலை மணலைக் கலக்கி, தண்ணீர் ஆடிப்பெருக்கில் வருகிற முல்லையாற்று நிறத்தில் இருந்தது. எங்களை ஒரு ரப்பர் வளையத்தில் மாட்டி, ஆள் ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தலையைக் கவிழ்த்தால் ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரின் மீசை வழியாக மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறி, மூக்கில் உப்பு போய், பாதியிலேயே கரைக்கு வந்துவிட்டார். போட்டோ எடுத்தார்கள். அதற்குத் தனிக் காசு. ரத்தான கப்பலுக்கும் தங்காத அறைக்கும் பணம் திரும்பவில்லை. 'இயற்கைக் காரணங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. நீங்கள் எங்கே போனாலும் கப்பல் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

அந்தமானைக் குறை சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை போய்வந்தவர்கள் சொல்வதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, மிதந்தபடி கடலுக்குள் பார்க்கிற ஸ்நார்க்கெலிங் என்றாலே இதுதான் என்று முடிவுகட்டி, 'இதுக்காகவா இம்புட்டுக் காசு' என்று வீட்டில் ஆளாளுக்குப் பேசியதுதான் என்னைச் சுட்டது. கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவள் நான். தண்ணீருக்குள் பார்க்க ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த பங்குனியில் நான் தேதி குறித்தேன். இடத்தையும் நானே சொன்னேன். பாக் ஜலசந்திக் கரை, ராமநாதபுரம் பக்கம். நாத்தனார் சிரித்தார். ராமேஸ்வரத்துக்கு அமாவாசைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுப்பார்கள், மீன் பார்க்கவா போவார்கள் என்றார். நம் முல்லையாறு தேனிக்குப் பக்கத்தில் வைகையில் கலக்கிறது. அந்த வைகை ஓடி ஓடி, மிச்சம் மீதி இருந்தால், ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே நகர்ந்தால் பிரப்பன்வலசை, அரியமான், மண்டபம். நம் தண்ணீர் போய்ச் சேர்கிற கடலை நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

அந்தக் கரையில் ஒரு வசதி உண்டு. மண்டபத்தில் நின்றால் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். நடுவில் நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. மீனவர்கள் பாக் ஜலசந்திப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்கிறார்கள். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் கலங்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை ஓய்ந்து கச்சான் எழும்பாத பங்குனி, சித்திரைத் தொடக்கத்தில் இரண்டுமே அமைதி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது பெரிய படகுகளின் தொந்தரவும் இருக்காது. நமக்கும் அதுதான் தோது. அறுப்பு முடித்து, அடுத்த கவாத்துக்கு முன் கொடியை ஆறவிட்டிருக்கும் இடைவெளியில் கிளம்பிவிடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச யாராவது ஒருத்தரைச் சொல்லி வைத்தால் போதும்.

வழி ஒன்றும் கஷ்டமில்லை. மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி. விடியுமுன் கிளம்புங்கள், ராத்திரி அங்கே தங்குங்கள், மறுநாள் காலையில் இறங்குங்கள். வெயில் ஏறி, காற்று கிளம்புவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

தலையைக் கவிழ்த்த முதல் நிமிடத்தை எப்படிச் சொல்வது? வெளியே படகு மோட்டார் சத்தம், பிள்ளைகள் சத்தம் எல்லாம் இருந்தது. காது தண்ணீருக்குள் போனதும் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். கீழே கடல்புல் ஒரு வயலாக விரிந்து, நீரோட்டத்தில் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கதிர் பிடிக்கும் முன் நெல் வயலில் காற்று போவதைப் போலவே இருந்தது. அதற்குள் நட்சத்திர மீன், மணலோடு மணலாகக் கிடந்த கடல் அட்டை, கூட்டமாக மேய்ந்து நகர்ந்த ஓரா மீன்கள். கொஞ்சம் தள்ளிப் பவளப்பாறை. அங்கே கிளி மீன் பாறையைக் கடிக்கும் கறக் கறக் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கிளி மீன் பாறையில் படர்ந்த பாசியை உரசித் தின்னும்போது கல்லும் சேர்ந்து அரைபட்டு, அதன் வயிற்றிலிருந்து மணலாக வெளியேறும் என்று படகுக்காரர் பிறகு சொன்னார். அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாஸ்க்குக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடும், அதற்காக நிறுத்திக்கொண்டேன்.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு ஒன்று. நாம் தலையைத் தூக்கி, காலை உதைத்தே பழகியவர்கள். அங்கே அது வேண்டாம். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாகத் தாங்கும், சும்மா குப்புறப் படுத்தால் போதும். போகும் முன் பம்ப்செட் தொட்டியில் மாஸ்க்கும் குழாயும் போட்டு, முகத்தைக் கவிழ்த்து வாயால் மட்டும் மூச்சுவிடப் பழகுங்கள். குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஒரு ஊது, அவ்வளவுதான். இதைப் பழகாமல் நேராகக் கடலில் இறங்குகிறவர்கள்தான் பயந்து வளையத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

மாஸ்க்கை வாடகைக்கு எடுக்கும்போது வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டாலும் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. முடி ஓரத்தில் சிக்கக் கூடாது. மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் மேல் ஓரத்தை மட்டும் வழிக்கட்டும். என் வீட்டுக்காரர் வழித்தார். அதன்பிறகு அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே கூப்பிடத்தான் பாடுபட வேண்டியிருந்தது. சேலை, சுடிதார் துப்பட்டா வேண்டவே வேண்டாம், காலைச் சுற்றும். முழுக்கை டீ-சர்ட்டும் லெக்கிங்ஸும் போடுங்கள், முதுகு வெந்து போகாமல் இருக்கும். யார் என்ன சொன்னாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். சொறி, அதாவது ஜெல்லிமீன், மிதக்கிறதா என்று படகுக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

'தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்று யாராவது தனியாக வந்து பேசினால் போகாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள அந்த 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், அனுமதி பெற்றவர்களோடு மட்டும் இறங்குங்கள். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையே உள்ளூர் மீனவர்களை வைத்துப் படகு விடுகிறது. அலையாத்திக் காட்டுக்குள் போய் வரலாம்.

பவளப்பாறை கல் இல்லை, உயிர். அதன்மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். கடல் சூடேறினால் தன் உடம்பில் வாழும் பாசியை அது வெளியே தள்ளி வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் அப்படி நிறைய செத்தது. எங்களுக்குக் காட்டிய பாறையிலும் ஒரு பக்கம் வெறும் எலும்பாகத்தான் இருந்தது. கடையில் அலங்காரத்துக்கு விற்கும் பவளத் துண்டை வாங்கினாலும் குற்றம், வனவிலங்குச் சட்டத்தில் அது புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. எங்களோடு வந்த ஒருவர் பையில் ஒரு துண்டு இருந்ததைப் பார்த்து, திரும்பப் போட வைத்தேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

நாத்தனார் இப்போது எல்லாரும் சேர்ந்து போகலாம் என்கிறார், பிள்ளைகளுக்கு ஜூனில் தோது என்கிறார். பங்குனி என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.