சிவப்பழகுக் களிம்பும் தாய்சேய் நலனும்

பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோய்க்கு ஆளான 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேரிடம் அந்நோயின் அரிய பிரிவு காணப்பட்டது. அவர்களுள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்.

இத்தகைய களிம்புகள் சிலவற்றில் சேர்க்கப்படும் பாதரசம் நிறமி உற்பத்தியைத் தடுக்கிறது. மேனி வெளுப்பது அதனாலேயே. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. குருதியில் கலந்து, நஞ்சுக்கொடி வழியே கருவையும், தாய்ப்பால் வழியே சிசுவையும் அடைகிறது.

கண்ணுக்கான பொருள்கள் நீங்கலாக, தற்செயலாகக் கலக்கும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கை மீறலாகாது என 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் வரையறுத்தன. முகவரியற்ற டப்பியை விதி எட்டுவது எங்ஙனம்? 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. வாளையாறு, குமுளி போன்ற எல்லை ஊர்களிலும் உரிம எண் இல்லாத களிம்புகளை ஆய்வாளர்கள் தேடுதல் தகும். இரும்புச்சத்து மாத்திரை உண்டீர்களா என்று கர்ப்பிணியை வினவும் ஆஷா பணியாளர், முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்றும் வினவலாம்.