எரிமலை வெடிப்பும் உலகக் காலநிலையும்

வினா: பாரிய எரிமலை வெடிப்பு காலநிலையையும் மக்களையும் எவ்வாறு பாதிக்கின்றது? இலங்கையோடு தொடர்புபடுத்தி விளக்குக.

மாணவர்களே, “சாம்பல் சூரியனை மறைக்கும்” என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது. சாம்பலின் பெரும்பகுதி விரைவில் தரையில் படிந்துவிடும். ஓரிரு ஆண்டுகள் நீடிக்கும் குளிர்ச்சிக்குக் காரணம் கந்தகவீரொட்சைட்டு வாயுவாகும். இது படைமண்டலத்தை அடைந்து, சல்பூரிக்கமிலத் துளிகளாக மாறி, சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது.

உதாரணங்கள்:

1. தம்போரா (இந்தோனேசியா, 1815): 1816இல் ஐரோப்பாவில் கோடை குளிர்ந்தது; பயிர்கள் அழிந்து பஞ்சம் ஏற்பட்டது.

2. கிரக்கத்தோவா (இந்தோனேசியா, 1883 ஆகஸ்ட்): 36,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலானோர் சுனாமியால் மடிந்தனர். செப்டெம்பரில் இலங்கையில் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது.

3. பினதுபோ (பிலிப்பைன்ஸ், 1991): புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.5 பாகை செல்சியஸ் குறைந்தது.

இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. எனினும், இவ்வாறான குளிர்ச்சி பருவக்காற்றை வலுவிழக்கச் செய்யக்கூடும். தலவாக்கலையின் தேயிலையும் மேல் கொத்மலை நீர்மின் உற்பத்தியும் மழையையே நம்பியுள்ளன. மழை குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் தோட்டத் தொழிலாளரின் வருமானமும் குறையும். இத்தொடர்பை விடையின் இறுதியில் தவறாது எழுதுங்கள்.