ஊசி பயமும் ரத்ததானமும்

இந்த மாதப் பாடத்துக்கு ரத்ததானத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சேத்தூர் பக்கத்துக் குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் ஒரு சிரிப்பு எழும்பும். அடுத்து யாராவது ஒருவர், "எனக்கு ஊசின்னாலே ஆகாதுக்கா, பார்த்தாலே கிறுகிறுன்னு வரும்" என்பார். உடனே நாலைந்து பேர் "எனக்கும்தான், எனக்கும்தான்" என்று சேர்ந்துகொள்வார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும், சேமிப்புக் கணக்குக்குப் போய்விடுவோம்.

இப்படிச் சொல்கிறவர்கள் கோழைகள் இல்லை. கருது அறுக்கும்போது அரிவாள் பட்டால் சேலைத் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மீதி வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள். மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து காலையில் உலை வைக்கிறவர்கள். அவர்களுக்கே ஊசி என்றால் கால் நடுங்குகிறது. "தைரியமா இருங்க" என்று சொல்வதால் இது தீராது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் ஓரளவு தீரும்.

பயம் எங்கேயிருந்து வந்தது?

பாதி நாமே ஊட்டியது. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்றால் "டாக்டரிடம் கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லிருவேன்" என்கிறோம். அடம் பிடித்தாலும் அதே ஊசிதான், தூங்காவிட்டாலும் அதே ஊசிதான். போலீஸ், பூச்சாண்டி, ஊசி என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து வளர்த்த பிள்ளை, பெரியவளானதும் ஊசியைப் பார்த்துச் சிரிக்குமா?

மீதிப் பாதி நம் உடம்பின் இயல்பு. பாம்பைப் பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஓடத் தோன்றும். மற்ற பயங்களும் அப்படித்தான். ஊசியையும் ரத்தத்தையும் கண்டு பயப்படுகிறவர்களில் பலருக்கு மட்டும் வேறு மாதிரி நடக்கிறது. முதலில் கொஞ்சம் படபடப்பு வரும், பிறகு திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கிவிடும். மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்ததும் கண் இருட்டும், காது அடைக்கும், வேர்த்துக் கொட்டும். சிலர் விழுந்தும் விடுவார்கள். இது நடிப்பும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் இருப்பதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம்.

அழுத்தம் இறங்குவதுதான் சங்கதி என்றால், அதை இறங்க விடாமல் பிடித்துக்கொள்ள வழி உண்டா? உண்டு. ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கென்றே ஒரு பயிற்சியை வகுத்தார். செலவில்லாத பயிற்சி. திண்ணையில் உட்கார்ந்தே பழகலாம்.

உட்கார்ந்துகொண்டு கை, கால், தொடை, வயிறு எல்லாவற்றையும் நன்றாக இறுக்குங்கள், கனத்த மூட்டையைத் தூக்கப் போகிற மாதிரி. மூச்சை அடக்க வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடி, முகம் லேசாகச் சூடேறும் வரை இறுக்கிப் பிடியுங்கள். பிறகு இறுக்கத்தை விடுங்கள். தொய்ந்து சாய வேண்டாம், சாதாரணமாக இருந்தால் போதும். அரை நிமிடம் கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. ஒரு வாரம் தினமும் செய்தால் பழகிவிடும். ஊசி போடும் நேரத்தில் ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு, கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள். ரத்த அழுத்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

இதோடு இன்னும் இரண்டு உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது, வெறும் வயிற்றோடு போகாமல் இருப்பது. விரதம் இருக்கும் நாளில் முகாமுக்குப் போவது கூடவே கூடாது. நர்ஸிடம் "எனக்கு ஊசின்னா மயக்கம் வரும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் அவர்கள் பார்க்கிற விஷயம்தான்.

ஊசியைப் பார்த்தே தீர வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் அவருக்கு நெஞ்சில் பெரிய ஆபரேஷன் நடந்தது. யார் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார். தானும் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து 18 வயது ஆனதும் 1954-ல் தொடங்கினார். 2018 வரை 1,173 முறை கொடுத்தார். இத்தனைக்கும் அவருக்கு ஊசி என்றால் பயம். ஒரு தடவைகூட ஊசி ஏறுவதைப் பார்த்ததில்லை. சுவரைப் பார்ப்பாராம், நர்ஸோடு பேசிக்கொண்டிருப்பாராம். பயம் போன பிறகு கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே 64 வருஷம் கொடுத்தார். 2025-ல் 88 வயதில் காலமானார்.

அவர் பெரும்பாலும் கொடுத்தது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை. அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், அதனால்தான் அத்தனை தடவை. அவருடைய பிளாஸ்மாவில் அபூர்வமான ஒரு எதிர்ப்புச் சக்தி இருந்தது. நெகட்டிவ் குரூப் உள்ள தாய்க்குப் பாசிட்டிவ் குரூப்பில் பிள்ளை பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' என்று ஒரு ஊசி போடுவார்களே, அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் அந்த ஊசி மருந்து இப்படிப்பட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்து வருகிறது. ஊசிக்குப் பயந்த மனிதர் கொடுத்தது கடைசியில் ஊசியாகவே தாய்மார்களுக்குப் போய்ச் சேர்ந்தது!

முகாமில் என்னதான் நடக்கும்?

தெரியாத இடத்தில்தான் பயம் அதிகம். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறோம். முதலில் ஒரு படிவம், அதில் கேள்விகள். பிறகு எடை, ரத்த அழுத்தம். விரல் நுனியில் ஒரு குத்து. அந்தச் சொட்டை நீல நிறத் தண்ணீரில் விடுவார்கள். வேறொன்றுமில்லை, தோட்டத்தில் பூஞ்சாணத்துக்கு அடிக்கிறோமே, அந்த மயில்துத்தக் கரைசல்தான். சொட்டு சட்டென்று அடியில் போனால் ரத்தத்தில் இரும்புச்சத்து போதுமானது. மிதந்தால் போதாது. சில இடங்களில் இதற்குச் சின்ன மிஷின் வைத்திருப்பார்கள்.

பிறகு படுக்க வைத்துக் கையில் பட்டை கட்டி ஊசி ஏற்றுவார்கள். சாதாரண ஊசியைவிடத் தடிமன்தான், பொய் சொல்ல மாட்டோம். ஏறும்போது ஒரு சுருக். அதற்குப் பிறகு வலி இருக்காது. கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பஞ்சு வைத்து ஒட்டி, ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவசரமாக எழுந்து ஓடுகிறவர்கள்தான் வாசலில் மயங்கி விழுகிறார்கள்.

ஊசியும் பையும் புதிது. ஒருவருக்கு ஒன்று, பிறகு அழித்துவிடுவார்கள். ரத்தம் கொடுப்பதால் கொடுப்பவருக்கு எந்த நோயும் ஒட்டாது.

"ரத்தம் குடுத்தா ஒடம்பு வத்திரும்" என்று மாமியார்கள் சொல்வதுண்டு. நம் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது 350 மில்லி, 55 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களிடம் 450 மில்லி. நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகும். இரண்டு பெற்றவள் இந்த அளவை ஏற்கெனவே இரண்டு முறை தாண்டி வந்தவள். அப்போது அவளுக்கு யாரும் ஜூஸ் கொடுத்து உட்கார வைக்கவில்லை என்பது வேறு கதை.

சாத்தூரில் நடந்தது

நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது சாத்தூரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மறைக்காமல் பேசுவோம்.

2018 டிசம்பர் 3 அன்று, ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டியது, பிடிபடவில்லை. விஷயம் வெளியே வந்தது எப்படி என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக வேறு இடத்தில் சோதனை செய்துகொண்டபோது தனக்குத் தொற்று இருப்பதைத் தெரிந்துகொண்டார். ஓடி ஒளியவில்லை. ரத்த வங்கிக்குத் தானே வந்து சொன்னார். அந்த மாதக் கடைசியில் மனம் உடைந்து உயிரை விட்டார். 2019 ஜனவரியில் அந்தத் தாய்க்கு மதுரையில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூலையில் உத்தரவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு "ரத்தமே குடுக்க மாட்டேன்" என்று சொன்னவர்கள் நம்மில் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டது ரத்தம் வாங்கியவர். கொடுப்பதால் யாருக்கும் நோய் வரவில்லை, அவருக்குத் தொற்று முன்பே இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில் நல்ல ரத்தம் கொடுக்கக் கூடியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா என்று ஐந்து சோதனைகள் ஒவ்வொரு பைக்கும் கட்டாயம். ஆனாலும் புதிதாகத் தொற்றிய கிருமி சில நாட்களுக்குச் சோதனையில் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் படிவத்தில் கூச்சப்படும்படியான கேள்விகளும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், நம் வீட்டு ஆண்களும் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்லி விலகிக்கொள்ளலாம். எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக முகாமுக்குப் போகக் கூடாது. அதற்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. இலவசம், ரகசியம்.

இதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். குழுவில் தீர்மானம் போட்டு "எல்லாரும் கொடுத்தே ஆகணும்" என்று யாரையும் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கட்டாயப்படுத்தினால் சொல்ல முடியாத காரணம் உள்ளவரும் வாயை மூடிக்கொண்டு படுத்துவிடுவார். காசுக்கு ரத்தம் விற்பதை 1998 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்திருப்பதும் இப்படிப்பட்ட ஆபத்தை எண்ணித்தான்.

திருப்பி அனுப்பினால்?

சாத்தூர்ப் பெண்ணுக்கு ரத்தம் தேவைப்பட்டதே ரத்தசோகையால்தான். அது நம் எல்லோருடைய கதை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆகவே தைரியமாக முகாமுக்குப் போகிற நம்மில் பலர் விரல் குத்தோடு திரும்பி வரவேண்டியிருக்கும். அதை அவமானமாக எண்ண வேண்டாம். காசில்லாமல் ஒரு சோதனை நடந்தது, உடம்பு நிலவரம் தெரிந்தது. அதே வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரை கேளுங்கள், பூச்சி மாத்திரையும் கேளுங்கள். முருங்கைக்கீரை, கம்பு, எள்ளுருண்டை, முடிந்தவர்களுக்கு ஈரல், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விடுங்கள், சத்தை உடம்பில் ஒட்டவிடாது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிச்சம் இருந்தால் நாம் சாப்பிடுவது என்ற பழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு இதழே போடலாம்.

வயது 18 முதல் 65, எடை 45 கிலோவாவது வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பிரசவமாகி ஒரு வருடம் ஆகாதவர்கள், மாதவிலக்கு நாட்களில் இருப்பவர்கள் கொடுக்க வேண்டாம். பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய ஒரு வேலை. குழு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தெரிந்தவர்கள் தங்கள் ரத்த குரூப்பை எழுதுங்கள். தெரியாதவர்கள் பேருக்கு எதிரே காலியாக விடுங்கள், சோதித்த பிறகு நிரப்பலாம். வீட்டில் ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர் குரூப்பையும், தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்க வரக்கூடிய இரண்டு பேரின் பெயர், போன் நம்பரையும் அவர்களைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஊக்குநர் வீட்டுப் பீரோவில் நோட்டைப் பூட்டி வைத்தால் பிரயோசனமில்லை, அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து கர்ப்பிணி வீட்டிலும் ஒன்று கொடுத்துவிடுங்கள். நடுராத்திரியில் வலி எடுத்து 108-க்கு போன் செய்யும்போது அது அவர்கள் கையில் இருக்கட்டும்.