பல தேசத்தாருக்குப் பொதுவான மீனும் பிடியின் அளவும்

கல்வராயன் மலையிற் பிறந்து கச்சிராயபாளையத்தருகே கோமுகி அணையில் தேங்கும் ஜலம், கீழே மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றிற் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. வழியில் அதனைப் பங்கிட்டுக்கொள்ளும் கிராமங்கள் பல. தலைமடையார் அளவின்றிப் பாய்ச்சினால் கடைமடை காயும் என்பதைக் கள்ளக்குறிச்சிப் பகுதிக் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஜலம் ஒரே திசையில் ஓடுவது, கண்ணுக்குத் தெரிவது. ஒரு தேசத்தின் கரையில் முட்டையிட்டு, வேறொரு கடலில் வளர்ந்து, மற்றொரு தேசத்தின் பக்கம் இரைதேடிச் செல்லும் மீனைப் பங்கிடுவது எங்ஙனம்?

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஹெர்ரிங் என்னும் மீன் உண்டு. நமது மத்தி, சாளை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றைப் போலவே பெருந்திரளாகச் சஞ்சரிப்பது. இவற்றுள் ஒரு பெரிய இனம் நார்வே தேசக் கரையில் முட்டையிடும். குஞ்சுகள் வடக்கே பாரண்ட்ஸ் கடலில் வளரும். வளர்ந்தவை ஐஸ்லாந்துப் பக்கம் மேயச் செல்லும். 1960-ஆம் வருஷத்தையடுத்து, ஒலியினால் மீன் திரளைக் கண்டறியும் கருவியும், யந்திரத்தால் பெருவலையை இழுக்கும் முறையும் பரவின. முதிர்ந்த மீனை ஒருவரும் குஞ்சை மற்றொருவருமாக வாரினர். அந்தப் பத்து வருஷம் முடிவதற்குள் அவ்வினம் அற்றுப்போகும் நிலையை அடைந்தது. பிடிப்பை ஏறக்குறைய நிறுத்திய பிறகும், அது தேறுவதற்குச் சுமார் இருபது வருஷம் பிடித்தது. 1983-இல் பிறந்த குஞ்சுகள் நன்கு பிழைத்தமையே தேறியதற்கு முக்கிய காரணமாகும். விதைநெல்லை உண்டவன் மறு போகத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கிறான்; மீனின் விதையை உண்டவர்கள் ஒரு தலைமுறை காத்திருந்தனர்.

1996-இல் நார்வே, ருஷ்யா, ஐஸ்லாந்து, பாரோத் தீவுகள் ஆகியவை கூடி உடன்பாடு கண்டன. ஐரோப்பிய ஒன்றியமும் பின்னர் சேர்ந்தது. 1902-இல் நிறுவப்பெற்ற சர்வதேசக் கடலாராய்ச்சிச் சபை, மீனின் தொகையை மதிப்பிட்டு, இந்த வருஷம் இவ்வளவு டன் பிடிக்கலாம் என்று ஆலோசனை கூறும். முதலில் மொத்தம், பிறகே பங்கு. இவ்வரிசையே இம்முறையின் உயிர்நாடி. ஆனால் 2013-இல் பாரோத் தீவினர் தம் பங்கு போதாதென்று விலகித் தாமே ஓர் அளவு விதித்துக்கொண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் அவர்களுடைய மீனை வாங்க மறுத்து, மறு வருஷம் அத்தடையை நீக்கியது. அதன்பின் பல வருஷங்கள், மொத்த அளவை எல்லோரும் ஒப்புக்கொண்டும், தத்தம் பங்கை அவரவரே நிர்ணயித்தமையால், பங்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்தை மீறி வந்தது. பாகப்பிரிவினை வழக்குகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

நம்மவர் அனுபவமும் இதற்குக் குறைந்ததன்று. மேற்குக் கரை மத்தியிலிருந்து எண்ணெயும் எருவும் எடுத்து வந்தனர். மத்தி குறைந்ததைக் கண்டு, 1943-இல் அக்காலச் சென்னை மாகாண சர்க்கார் இளமீன் பிடிப்பதற்கும் சில வலைகளுக்கும் தடை விதித்தனர். நீண்ட கரையெங்கும் காவல் செய்வது இயலாமற்போகவே, அத்தடை சில வருஷங்களில் கைவிடப்பட்டது. கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லக்ஷம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,300 டன்னுக்குச் சுருங்கியது. கடல் வெப்பநிலையின் மாறுதலும் இதற்குக் காரணமே. எனினும் இளமீன் பிடித்தலும் சேர்ந்தே கெடுத்தது. இப்பொழுது அங்கே 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடித்தல் குற்றம். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் பயிரிடும் நம் குடியானவர்கள், அதே தீவனத்தில் மீன்தூளும் சேர்கிறதென்பதை அறிவர். அத்தூளுக்காக அரைக்கப்படுவதில் பெரும்பங்கு இவ்வகைச் சிறுமீன்களே.

பாக் ஜலசந்தி விஷயம் இன்னும் சிக்கலானது. 1974, 1976-ஆம் வருஷ உடன்படிக்கைகள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடல் எல்லையை வகுத்தன. மீனின் பிடி அளவை வகுக்கவில்லை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்லலாகாது. இலங்கை 2017-இல் இழுவை வலையையே சட்டத்தால் தடுத்தது. இரண்டும் நல்ல விதிகளே. ஆயினும் ஒரே கடலுக்கு இருவர் தனித்தனியே விதி செய்வது, ஓர் ஏரியின் இரு மதகுகளுக்கு இருவர் வெவ்வேறு முறை வைப்பதையொக்கும். 2016-இல் இரு தேசத்தாரும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை ஏற்படுத்தினர். மொத்த மீன் எவ்வளவு என்று இரு தரப்பாரும் சேர்ந்து கணக்கிடாத வரையில், பேச்சு எல்லையைப் பற்றியதாகவே நிற்கும் என்பது எமது அபிப்பிராயம்.

நம் ஏரிகளிலும் இதன் சிறு வடிவம் உண்டு. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்து கீழேரிக்குச் செல்லும்போது மீனும் உடன் செல்கிறது. முதல் வெள்ளத்தில் விராலும் கெளுத்தியும் முட்டையிட எதிரேறும். அச்சமயம் கலங்கலில் கூடு வைத்துச் சினைமீனை வாருவது பல ஊர்களில் வழக்கம். இதனால் நஷ்டமடைவது இரண்டு ஊர்களுமே. ஆகையால் ஊராட்சி ஏரிகளில் மீன்பாசி ஏலம் விடும்போது, முதல் வெள்ளத்தில் கலங்கலில் கூடு வைக்கலாகாதென்றும், வலைக்கண் இவ்வளவுக்குக் குறையலாகாதென்றும் நிபந்தனை எழுதிக்கொள்க. சங்கிலியாக அமைந்த ஏரிகளில், மேலேரி ஊராரும் கீழேரி ஊராரும் ஒரே நிபந்தனையை எழுதுதல் அவசியம். வலைக்கண்ணின் அளவை, உள்ள மீனின் இனத்துக்கேற்ப, மீன்வள இலாகா அதிகாரிகளிடம் ஏலத்துக்கு முன்னரே விசாரித்துக்கொள்ளலாம்.