வானொலிப் பாடமும் பயிரின் உயிரியலும்

வேளாண் செய்திகளை உழவர்களிடம் கொண்டு சேர்ப்பதில் வானொலிக்குத் தனி இடம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதனைக் கேட்டுப் பயன் பெறலாம். நாற்று நடும்போதும், களை எடுக்கும்போதும் வரப்பின் மேல் வைத்துக் கேட்கலாம். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு.

1960-களின் நடுப்பகுதியில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்னும் ரகம் வெளிவந்தது. ஜப்பானிய நெல் ஒன்றையும் நமது ஜி.இ.பி. 24 ரகத்தையும் இணைத்து உருவாக்கப்பட்ட இந்த ரகம், சுமார் 105 நாளில் விளையும். குறுவைப் பட்டத்திற்கு ஏற்றது. இதன் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி நிலையம் உழவர்களுக்குத் தொடர்ந்து எடுத்துக் கூறியது. தஞ்சை மாவட்டத்தில் இந்த ரகம் விரைவாகப் பரவியது. உழவர்கள் இதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காவிரி பாயும் தஞ்சை வயலுக்குச் சொன்ன முறை, அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் உப்பு ஏறிய கடலோர வயலுக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தாது. வானொலி பல மாவட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் பேசுகிறது. நம் வயலோ ஒன்றுதான். வானொலி சொல்லும் முறையை நம் வயலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டுமானால், அந்த முறைக்கு அடிப்படையான காரணம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்வதுதான் உயிரியல். வானொலிப் பாடத்தைக் கேட்பது எப்படி என்பதையும், அதற்குத் துணையாக உயிரியல் பாடம் ஒன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

கேட்டல், கலந்து பேசுதல், செய்தல்

1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் புனா வானொலி நிலையம் ஒரு சோதனையை நடத்தியது. மகாராட்டிரப் பகுதியில் சுமார் 150 ஊர்களில் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊர் மக்கள் ஓரிடத்தில் கூடி அரைமணி நேர நிகழ்ச்சியைக் கேட்டார்கள். பிறகு கேட்டதைப் பற்றித் தங்களுக்குள் விவாதித்தார்கள். ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினார்கள். அவற்றிற்கான விடைகள் வானொலியில் வந்தன.

மன்றம் இருந்த ஊர்கள், வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்கள், வானொலியே இல்லாத ஊர்கள் என மூன்று வகையும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில்தான் மக்களின் அறிவு நன்கு வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்தால் போதாது. கேட்டதைக் கூடிப் பேச வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

1970-களில் வானொலிப் பண்ணைப்பள்ளி என்னும் முறை வளர்ந்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் பாடம் எழுத, வானொலி நிலையங்கள் ஒலிபரப்பின. இதில் சேரும் உழவர்கள் முன்னதாகவே பெயரைப் பதிவு செய்துகொள்வார்கள். நெல், கரும்பு, கறவை மாடு என ஏதேனும் ஒரு பொருள் எடுத்துக்கொள்ளப்படும். அது சிறு சிறு பாடங்களாக வாரம் தவறாமல் வரும். பாடத்தின் முடிவில் கேள்வி கேட்கப்படும்; உழவர்கள் அஞ்சலில் விடை எழுதுவார்கள். கல்லூரி வாசலை மிதிக்காத உழவருக்கும் ஒரு கல்லூரிப் பாடம் இவ்வாறு வீடு தேடி வந்தது.

வானொலிப் பேச்சு எழுதப்படும் விதம்

இன்று பல கல்லூரிகளில் வானொலி ஒலிபரப்பு ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. 2002-இல் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த மைய அரசு இசைவளித்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல் இந்த வாய்ப்பு தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இவை குறைந்த திறனில் இயங்குபவை. சில கிலோமீட்டர் சுற்றளவுக்கே கேட்கும். கிண்டியிலிருந்து பேசும் சமுதாய வானொலி அத்திப்பட்டுக்கு எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் தன் சுற்றுவட்டாரத்து மண்ணையும் நீரையும் பற்றியே பேச முடிவது இவற்றின் சிறப்பு.

வானொலிக்கு எழுதும் மாணவர்களுக்குச் சில விதிகள் சொல்லித் தரப்படுகின்றன. புத்தகத்தில் புரியாத வரியை மீண்டும் படிக்கலாம். வானொலியில் போன சொல் போனதுதான். ஆகவே வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு பேச்சில் ஒரு கருத்தையே வலியுறுத்த வேண்டும். முக்கியமான அளவுகளை இரண்டு முறை சொல்ல வேண்டும். "மேலே கூறியபடி" என்று சொல்லக்கூடாது. கேட்பவருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

பேசுபவர் இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டாலும், கேட்பவர் கையில் ஒரு குறிப்பேடு இருப்பது அவசியம். அளவுகளை உடனே எழுதிக்கொண்டு, பின்னர் நம் கணக்கிற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, நடவுக்கு எக்டருக்கு 40 கிலோ விதை என்று வானொலியில் சொன்னால், ஒரு எக்டர் 2.47 ஏக்கர் ஆகையால் ஏக்கருக்குச் சுமார் 16 கிலோ ஆகிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கணக்கில் ஒரு காணி என்பது 1.32 ஏக்கர். ஆகவே காணிக்குச் சுமார் 21 கிலோ விதை வேண்டும். எக்டர் கணக்கைக் காணிக் கணக்கென்று எண்ணிவிட்டால் விதை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். உரத்திலும் மருந்திலும் இதே தவறு நேர்ந்தால் இழப்பு இன்னும் பெரிது.

உயிரியல் பாடம்: வேர் நீரை எடுக்கும் விதம்

இனி, பயிரின் உயிரியலில் ஒரே ஒரு பாடத்தைப் பார்ப்போம்.

பயிரின் உடல், செல் எனப்படும் மிகச் சிறிய அறைகளால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு மூடியுள்ளது. இந்தச் சவ்வு நீரை எளிதில் விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. சவ்வின் ஒரு புறம் உப்பு குறைவாகவும் மறுபுறம் மிகுதியாகவும் இருந்தால், உப்பு மிகுந்த பக்கத்திற்கே நீர் செல்லும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

இது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த செய்திதான். மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி வைத்தால், ஒரு சொட்டு நீர் ஊற்றாமலேயே சாடி நிறைய நீர் விடுகிறது. மாங்காய்த் துண்டு சுருங்குகிறது. மாங்காயின் செல்களில் இருந்த நீரை வெளியில் உள்ள உப்பு இழுத்துவிட்டது.

வேரிலும் இதே விதிதான். வேர்த்தூவியின் செல்களில் உள்ள சாறு, நல்ல மண்ணில் உள்ள நீரைவிடச் செறிவு மிகுந்தது. ஆகவே மண்ணின் நீர் வேருக்குள் செல்கிறது. தண்டின் வழியே ஏறி இலைத்துளைகளின் வழியே ஆவியாகிறது. மண்ணின் நீரில் உப்பு கூடக்கூட வேருக்கு நீர் எடுப்பது கடினமாகிறது. உப்பு மிக அதிகமானால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். வயலில் கணுக்கால் அளவு நீர் நின்றாலும் பயிர் தாகத்தால் வாடும். இதனுடன் வேர் வழியே ஏறும் உப்பும் இலைகளில் சேர்ந்து தீங்கு செய்கிறது.

செய்து பாருங்கள்: ஒரு உருளைக்கிழங்கைச் சம கனமுள்ள வில்லைகளாக நறுக்குங்கள். ஒரு டம்ளரில் நல்ல நீரும், மற்றொன்றில் மூன்று கரண்டி உப்புக் கரைத்த நீரும் எடுத்து, இரண்டிலும் வில்லைகளைப் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். நல்ல நீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும். உப்பு நீரில் கிடந்தது துவண்டு வளையும். ஊரில் கூடிக் கேட்கும்போது இதனை நடுவில் வைத்துச் செய்து காட்டலாம்.

அத்திப்பட்டு வட்டாரத்தில் இப்பாடத்தின் தேவை

அத்திப்பட்டு, சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்துள்ளது. கொசத்தலை ஆறு இங்குதான் கடலில் கலக்கிறது. வட சென்னை அனல் மின் நிலையமும், 2001-இல் செயல்படத் தொடங்கி இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் இந்த வட்டாரத்தில்தான் உள்ளன. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டதால், கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி வந்துள்ளது. இது 1960-களின் இறுதி முதலே ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. தொழிற்சாலைகளுக்கு நடுவே எஞ்சியுள்ள சிறு நிலங்களில் பயிர் செய்வோர் இந்த நீரைத்தான் சமாளிக்க வேண்டியுள்ளது.

இத்தகைய வயலில் நாற்று நட்ட சில நாட்களில் இலை நுனி வெளுத்துக் காய்கிறது, இலை சுருள்கிறது, பயிர் திட்டுத் திட்டாகச் சாகிறது. "பயிர் வெளுத்தால் யூரியா இடுக" என்று எங்கோ கேட்டதை நம்பி மேலும் உரம் போட்டால் பணம்தான் வீணாகும். தழைச்சத்துக் குறைவில் அடி இலைகள் முதலில், வயல் முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக மஞ்சளாகும். உப்பினால் வரும் கேடு நுனியில் தொடங்கும். திட்டுத் திட்டாகத் தெரியும். நீர் எடுக்க முடியாத வேர் உரத்தையும் எடுக்காது. கரைந்த உரம் மண் நீரின் செறிவை மேலும் கூட்டவே செய்யும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. முதலில் மண்ணையும் நீரையும் ஆய்வு செய்ய வேண்டும். நெல் வயலில் 15 செ.மீ. ஆழத்தில் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அரை கிலோ அனுப்பினால் போதும். கிணற்று நீரைச் சிறிது நேரம் இறைத்துவிட்ட பிறகு மாதிரி எடுக்க வேண்டும். தொழிற்சாலைப் பகுதியில் பயிர் வாடுவதற்குக் கழிவு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். ஆய்வு இல்லாமல் முடிவுக்கு வரக்கூடாது.

2. நீர் செறிவூட்டிய மண்ணிலிருந்து பிரித்த சாற்றின் மின்கடத்துத் திறன் 4 டெசிசீமன்சுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். நெல்லுக்குச் சுமார் 3-ஐத் தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கும். ஆய்வுக்கூடங்கள் வேறு முறையிலும் அளப்பதுண்டு. அப்போது எண் மாறும். எம்முறையில் அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. உவர் வேறு, களர் வேறு. களர் நிலத்தில் சோடியம் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும், அதற்குத்தான் ஜிப்சம். உவர் நிலத்தில் உப்பு கரைந்த நிலையில் உள்ளது; அதற்கு மருந்து நல்ல நீரே. வரப்பை உயர்த்தி, வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்கி, பின்னர் வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாமல் தேக்குவதால் பயன் இல்லை.

4. வயலைக் காய விடக்கூடாது. காயும்போது அடிமண்ணின் உப்பு நீருடன் மேலேறி வெள்ளையாகப் பூக்கும்.

5. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தாங்காது. ஆகவே இருப்பதில் நல்ல நீர் கிடைக்கும் இடத்தில் நாற்றங்கால் அமைத்து, சற்று முதிர்ந்த நாற்றை நட வேண்டும். பூக்கும் தருணத்தில் நல்ல நீரைச் சேமித்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

6. உப்பைத் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1982-இல் வெளியான கோ 43 உவரைத் தாங்கக்கூடியது. திருச்சி 1 களர் நிலத்திற்கு ஏற்றது. விதை கிடைக்கும் இடத்தையும், அதனினும் புதிய ரகங்களையும் வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரித்து அறியலாம். தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவதும் நன்று.

வானொலிக்குத் திருப்பிப் பேசுங்கள்

வானொலி நிலையத்திற்கோ, 2004 முதல் இயங்கிவரும் உழவர் அழைப்பு மையத்திற்கோ (கட்டணமில்லா எண் 1800-180-1551) கேள்வி கேட்கும்போது "என் பயிர் வாடுகிறது, என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். ரகம், நட்டு எத்தனை நாள், நீர் ஆதாரம், கடலிலிருந்து எவ்வளவு தூரம், வாட்டம் நுனியிலா அடி இலையிலா, சீராகவா திட்டாகவா என்ற ஆறு செய்திகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வயலுக்குரிய விடை வரும். அந்த விடை அதே மண்ணுள்ள பல ஊர்களுக்கும் பாடமாகும்.

அடுத்த முறை வானொலியில் வேளாண் பாடம் கேட்கும்போது, "என்ன செய்ய வேண்டும்" என்பதுடன் "ஏன் செய்ய வேண்டும்" என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏன் என்பதற்கு விடை கிடைக்காவிட்டால் அதையே முதல் கேள்வியாக எழுதி அனுப்புங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. வயலில் நீர் நின்றும் பயிர் வாடுவது ஏன்?
2. தழைச்சத்துக் குறைவையும் உப்புக் கேட்டையும் எவ்வாறு பிரித்தறிவீர்கள்?
3. உவர் நிலத்திற்கு ஜிப்சம் மட்டும் இட்டால் ஏன் பயன் இராது?
4. எக்டருக்கு 60 கிலோ விதை என்றால் ஏக்கருக்கு எவ்வளவு? காணிக்கு எவ்வளவு?

(நான்காம் வினாவிற்கு விடை: ஏக்கருக்குச் சுமார் 24 கிலோ, காணிக்குச் சுமார் 32 கிலோ. மற்றவற்றிற்கு விடை இப்பாடத்திலேயே உள்ளது.)