அறைக்கு நாலு பேர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பட்டாசு ஆலைக்கு உரிமம் வந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. பூஜை போடுமுன் இதைப் படித்துவிடு.

சிவகாசிப் பக்கம் வெடிவிபத்து நடந்தால் முதலில் எழும் பேச்சு, "வேலை பார்த்தவரின் கவனக்குறைவு" என்பதுதான். அந்தப் பேச்சு உன் வாயில் வரக்கூடாது. கை தவறும், உராய்வில் பொறி தெறிக்கும். மனிதர் வேலை செய்யும் இடம் அது. ஆனால் ஒரு பொறி எத்தனை உயிரைக் கொண்டுபோகும் என்பதை முதலாளிதான் தீர்மானிக்கிறான். அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை ஆள் என்பது உன் கணக்கு.

மருந்துக் கலவை அறையில் இரண்டு பேர், மற்ற உற்பத்தி அறைகளில் நாலு பேர் என்ற வரம்பு அதற்காகத்தான். தீபாவளி நெருங்கினால் ஐந்தாவது ஆளை உட்கார வைக்கத் தோன்றும். இடம் போதாமல் வேலை மரத்தடிக்கு வரும், சரக்கு வாசலை மறிக்கும். அப்போது ஆர்டரைத் திருப்பி அனுப்பு.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் குறைந்தது 38 பேர் மாண்டார்கள். முதல் வெடிக்குப் பிறகு உதவ ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. ஆகவே, சத்தம் கேட்டால் எந்த வழியாக வெளியேறி எங்கே கூட வேண்டும் என்பதை எல்லோருக்கும் அடிக்கடி பழக்கிக் கொடு.

வெயில் ஏறுமுன் கலவையை முடித்துவிடு. அன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். மிச்ச மருந்தில் ஈரம் பட்டால் அலுமினியப் பொடி தானாகச் சூடேறும். இரும்புக் கருவியும் நைலான் துணியும் உள்ளே வரக்கூடாது. நுழையுமுன் ஒவ்வொருவரும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்னேற்றத்தை இறக்கட்டும்.

உள்குத்தகைக்கு மட்டும் விட்டுவிடாதே. எடுத்தவன் போட்ட பணத்தைச் சீக்கிரம் பார்க்கத்தான் நினைப்பான். எண்ணிக்கைக் கூலியும் அதே அவசரத்தைத்தான் கொண்டுவரும். மருந்து தொடும் வேலைக்காவது நாள் சம்பளம் கொடு. "மருந்து சூடாகுது" என்று ஒருவர் வேலையை நிறுத்தினால், அன்றைய சம்பளத்தை முழுசாகக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் பாராட்டு. திட்டினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்படி நடத்தினால் செலவு கூடும். அதையும் சேர்த்தே சரக்குக்கு விலை சொல். அந்த விலைக்குக் கட்டாத வியாபாரம் உனக்கு வேண்டாம்.

அன்புடன்,
உன் மாமா